வயர் கழன்றால் வாவி வற்றிவிடாது

கேள்வி: மண்முனைப் பக்கம் வாவிக்கரையில் நீர்மட்டம் பார்க்க ஓர் அழுத்த சென்சர் இறக்கியிருக்கிறோம். 0 முதல் 5 மீற்றர் வரை அளப்பது, 4–20 மில்லிஅம்பியர் வகை. 250 ஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டாக எடுக்கிறோம். 5 வோல்ட் வந்தால் 5 மீற்றர்தானே என்று டிஸ்ப்ளே மென்பொருளில் 'ஆழம் = வோல்ட்' என்று எழுதினோம். சென்சரை வெளியே தூக்கினாலும் 1 மீற்றர் காட்டியது. 1 ஐக் கழித்தோம். வெளியே 0 சரியாக வருகிறது, தண்ணீருக்குள் விட்டால் குறைத்துக் காட்டுகிறது. வயர் கழன்ற அன்று −1 என்று நின்றது. போர்முலாவை எப்படி எழுத வேண்டும்?
— வாசகர், மண்முனை

பதில்: சென்சரில் கோளாறு இல்லை. உங்கள் சென்சருக்கு 4 மில்லிஅம்பியர்தான் பூச்சியம். 250 ஓம் ஊடாக அது 1 வோல்ட்டாக வரும். 20 மில்லிஅம்பியர் 5 வோல்ட். ஆகவே 5 மீற்றர் ஆழம் முழுவதும் 1 இற்கும் 5 இற்கும் இடைப்பட்ட 4 வோல்ட்டுக்குள் அடங்கியிருக்கிறது. 1 ஐக் கழித்தது பாதி வேலை. மீதியை 4 ஆல் வகுத்து 5 ஆல் பெருக்க வேண்டும்:

ஆழம் = (வோல்ட் − 1) × 5 ÷ 4

3 வோல்ட் வரும்போது உண்மை ஆழம் 2.5 மீற்றர். முதல் போர்முலா 3 என்றது, இரண்டாவது 2 என்றது. அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மென்பொருள் பெருக்கல், வகுத்தலை முதலில் முடித்துவிட்டு வோல்ட்டிலிருந்து 1.25 ஐக் கழிக்கும். எழுதி முடித்ததும் ஒரு நீளமான பிவிசி குழாயின் அடியை அடைத்து நிமிர்த்தி, நல்ல தண்ணீர் நிரப்பி, சென்சரை அரை மீற்றர், ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் என்று இறக்கிப் பாருங்கள். ஒரே ஓர் ஆழத்தில் சரி வந்தால் நம்ப வேண்டாம். பிழையான போர்முலாவும் ஏதோ ஓரிடத்தில் சரியான எண்ணைத் தரும். உங்களுடைய முதல் போர்முலாவே 5 மீற்றரில் சரியாகத்தான் காட்டியிருக்கும்.

வயர் கழன்ற விஷயத்தைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். புதிய போர்முலாவில் அப்போது −1.25 வரும். பலர் உடனே 'மறை எண் வந்தால் 0 காட்டு' என்று எழுதிவிடுவார்கள். அதைச் செய்யவே வேண்டாம். 0 என்பது ஓர் அளவீடு. சென்சருக்கு மேல் தண்ணீர் இல்லை என்று அது சொல்கிறது. வயர் கழன்றதென்றால் அளவீடே இல்லை. வோல்ட் 0.9 இற்குக் கீழே போனால், அதாவது மின்னோட்டம் 3.6 மில்லிஅம்பியருக்குக் குறைந்தால், பெறுமதியை வெறுமையாக விட்டு 'சென்சர் பழுது' என்று காட்டச் சொல்லுங்கள். மாரியில் படுவான்கரை வயல்கள் தண்ணீருக்குள் நிற்க, வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டி விடுவதா, இன்னும் பொறுப்பதா என்று விவசாயிகளும் மீனவர்களும் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் திரையில் பொய்யான 0 நிற்கக் கூடாது.

சென்சரிலிருந்து வரும் வோல்ட்டை ஒரு சேனலில் அப்படியே சேமியுங்கள். ஆழத்தை அதிலிருந்து கணக்கிடும் வேறொரு சேனலாக வையுங்கள். சேமித்த வோல்ட் இருந்தால், போர்முலாவைத் திருத்திப் பழைய நாட்களையும் மீண்டும் கணக்கிடலாம். ஆழத்தை மட்டும் சேமித்திருந்தால், எந்த நாளில் எந்தப் போர்முலா இருந்தது என்று தேட வேண்டிவரும்.

அடுத்தது உப்பு. அழுத்த சென்சர் ஆழத்தை நேரே அளப்பதில்லை, மேலே நிற்கும் தண்ணீரின் பாரத்தையே அளக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் பாரம் கூடியது. நல்ல தண்ணீருக்கு அளவு திருத்திய சென்சர் கடல்நீரில் 2 மீற்றர் ஆழத்தை 2.05 என்று காட்டும். மாரி வெள்ளத்தில் வாவித் தண்ணீரின் உப்புக் குறையும், முகத்துவாரம் திறந்து மழையும் ஓய்ந்தால் கடல் ஏறும். ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரே எண் பொருந்தாது. இறால் வளர்ப்பவர்களிடம் உள்ள ரிஃப்ராக்டோமீற்றரால் உப்பளவு பார்த்து, ஆழத்தை (1 + 0.00075 × உப்பளவு) ஆல் வகுத்தால் போதும். உப்பளவை ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில் எடுங்கள்.

போர்முலாவால் தீராத ஒன்றும் இருக்கிறது. இந்தச் சென்சரின் கேபிளுக்குள் வெளிக்காற்று போய்வர ஒரு மெல்லிய குழாய் உண்டு. ஈரத்தால் அது அடைபட்டால் காற்றழுத்த மாற்றமும் நீர்மட்டத்தோடு சேர்ந்துவிடும். 1 ஹெக்டோபாஸ்கல் ஏறினால் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் கூடும். நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம் தொட்டு, இடையில் சில ஹெக்டோபாஸ்கல் இறங்கும். திரையில் அது பெருக்கு வற்றைப் போலவே தெரியும். உண்மையான பெருக்கு நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். உங்கள் உச்சம் நாள் தவறாமல் அதே மணிக்கே வந்தால் போர்முலாவைத் தொடாதீர்கள். கரையிலுள்ள பெட்டியைத் திறந்து, குழாயின் வாயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் புதிதாகப் போடுங்கள்.