அறுந்த நரம்பும் அழுந்திய நரம்பும்

மல்லசமுத்திரம் பருத்தி ஏலத்தில் மூட்டை இறக்குபவர், கல்லாவில் நாள் முழுவதும் முழங்கை ஊன்றி அமர்ந்திருப்பவர், இரும்புக் கடையில் தகடு வெட்டித் தருபவர் ஆகிய மூவருக்கும் கை மரத்துப்போகலாம். ஆபரேஷனா, பொறுத்துப் பார்ப்பதா என்ற கேள்வியும் மூவருக்கும் எழும். விடை மட்டும் ஒன்றல்ல. (ரத்தக் குழாயையும் நம்மூரில் நரம்பு என்பார்கள். நாம் சொல்வது உணர்ச்சியையும் அசைவையும் தரும் நரம்பை.)

தகடோ கண்ணாடியோ கிழித்து, காயத்துக்குக் கீழே விரல் மரத்தால் நரம்பு அறுந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அறுந்தது தானாக ஒட்டாது. ரத்தம் நின்றதே என்று தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீடு திரும்பினால் அதற்குள் நரம்பு அறுந்தே கிடக்கும். ஆகவே, மரக்கும் ஊசி போடுவதற்கு முன்பே ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். சில நாட்களுக்குள் என்றால் முனைகளை நேரடியாக இணைக்கலாம். நாள் கடந்தால் முனைகள் விலகிவிடும். காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டுப்போட வேண்டிவரும்.

வியாபாரிகளுக்கு இதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். இணைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் அறுந்து, உள்ளங்கைத் தசை 8 செ.மீ. தள்ளி இருந்தால் 80 நாள். முழங்கையருகே அறுந்து 30 செ.மீ. போக வேண்டுமானால் 300 நாள். தசையோ ஒன்று, ஒன்றரை ஆண்டுதான் காத்திருக்கும். பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பயனில்லை. முழங்கையில் அறுந்தவர் எட்டு மாதம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் 240, அதோடு 300, ஆக 540 நாள். தவணை தீர்ந்துபோகிறது.

வெட்டுக் காயமின்றி மூட்டை சரிந்து மேற்கை எலும்பு முறிந்து, மணிக்கட்டு தொங்கிவிட்டதா? இங்கே அவசரம் கூடாது. நரம்பு பெரும்பாலும் நசுங்கியிருக்குமே தவிர அறுந்திராது. பெரும்பாலோருக்குத் தானே மீள்கிறது. மூன்று, நான்கு வாரத்தில் மின்பரிசோதனை செய்து, மூன்று மாதம் வரை கவனிப்பார்கள். அதற்குப் பிறகும் அசைவின் அறிகுறி இல்லையென்றால் திறந்து பார்ப்பதே முறை. ஆனால் மோட்டார் சைக்கிளில் விழுந்து கை முழுவதும் துவண்டவர், தோள் நரம்பு வேரோடு பிடுங்கப்பட்டவராக இருக்கலாம். அவர் சில வாரங்களிலேயே நிபுணரைப் பார்த்தாக வேண்டும். கட்டுப் போட்ட கையில் வலி ஏறிக்கொண்டே போய் விரல் மரத்தால், அது மணிக்கணக்கில் கவனிக்க வேண்டியது. விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

கல்லாக்காரர் கதை வேறு. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் நரம்பு முழங்கையில் அழுந்துகிறது. பெருவிரல் முதல் நடுவிரல் வரை மரத்து, இரவில் எழுந்து கையை உதற வேண்டியிருந்தால் மணிக்கட்டில் அழுந்துகிறது. முதலில் ஊன்றுவதை விடுங்கள். மணிக்கட்டானால் இரவில் அதை நேராக வைக்கும் பட்டையை ஆறு வாரம் கட்டிப் பாருங்கள். சர்க்கரையும் தைராய்டும் சோதித்துக்கொள்ளுங்கள். மரப்பு பகலிலும் விலகாமல், பெருவிரல் மேடு வற்றி, சில்லறை பொறுக்கத் தடுமாறினால் பட்டையை நம்பியிருக்கக் கூடாது. வற்றிய தசை மீள்வது அரிது. அறுவையோ சிறியது, பலரும் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

தோலில் உணர்ச்சியற்ற தேமலும் தடித்த நரம்பும் சேர்ந்து இருந்தால் தொழுநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு முதலில் மருந்து, கத்தி பிறகுதான்.

தவணை தப்பியவருக்கும் வழி உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு, வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி அசைவு தந்தார். உணர்ச்சி திரும்பாது, பிடிப்பு திரும்பும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கெனத் தனித் துறை இருக்கிறது. எங்கு சென்றாலும் அடிபட்ட தேதி, தையல் போட்ட சீட்டு, மின்பரிசோதனைத் தாள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.