கொட்டை கலவாத குளியல் எண்ணெய்

கேள்வி: வேர்க்கடலையும் பாதாமும் ஒவ்வாத குழந்தை உள்ள வீட்டில், சோப்பும் உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெயும் தயாரிக்க எந்த எண்ணெய் ஏற்றது?
– ஒரு வாசகர், தேவனூர் நாடு, கொல்லிமலை

பதில்: ஒவ்வாமை என்பது தீங்கற்ற புரதத்தை உடல் பகையாகக் கருதி எதிர்க்கும் நிலை என்பதால், எண்ணெயின் கொழுப்பைவிட அதில் தங்கிய புரத எச்சமே இங்குக் கவனிக்கத்தக்கது. சுத்திகரித்த எண்ணெயில் அது மிகக் குறைவு. செக்கெண்ணெயில் கூடுதலாக எஞ்சும். ஆகவே செக்கெண்ணெயே எப்போதும் மேல் என்னும் பரவலான நம்பிக்கை இவ்வீட்டுக்குப் பொருந்தாது. அடிவாரத்தில் ஆட்டி வாங்கும் எண்ணெயாயின், அதே செக்கில் முன்பு கடலை ஆட்டப்பட்டதா என்று கேட்டறிவது இன்றியமையாதது.

சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயும் விளக்கெண்ணெயும் பொதுவாக ஏற்றவை. நல்லெண்ணெய் கொட்டையெண்ணெய் அன்று. ஆயினும் எள்ளே தனி ஒவ்வாமைப் பொருளாதலால், 2023 முதல் அமெரிக்காவில் உணவுப் பொட்டலங்களில் அதைக் குறிப்பிடுவது கட்டாயம். தேங்காய் ஒவ்வாமை அரிது. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமும் 2025 ஜனவரியில் தேங்காயை மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

சோப்பில் எண்ணெயை மாற்றினால் காரத்தின், அதாவது காஸ்டிக் சோடாவின், அளவும் மாற வேண்டும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராமும், சூரியகாந்திக்கு 135 கிராமும் தேவைப்படுவதால், முன்னதற்குரிய அளவைப் பின்னதில் கலந்தால் எஞ்சும் காரம் தோலைப் புண்ணாக்கும். குழந்தைக்கு முன்பு கடுமையான ஒவ்வாமை நேர்ந்திருப்பின், எந்தப் புதிய எண்ணெயையும் மருத்துவரைக் கேட்காமல் தேய்க்க வேண்டாம்.