ஆழம் அறிந்து தூண்டில் விடுவோம்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பாட்டிமார் சொல்லித் தந்த பழமொழி. தூண்டிலுக்கும் இது பொருந்தும் என்பதை நம் அன்பர் ஒருவர் வாயிலாக அறிந்துகொண்டேன். டொராண்டோவில் வசிக்கும் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கித் திரும்பியவர் அவர். கொண்டுவந்த பொருள்களுள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் வட்டு இருந்தது. "இது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார். பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன்.

அவர் சொன்ன கதை இது. மகனும் நண்பர்களும் ஒரு விடுமுறை நாளில் வாடகைப் படகு எடுத்து, ஒன்ராறியோ ஏரியில் சால்மன் மீன் பிடிக்கப் போனார்கள். காலை முதல் மாலை வரை பொய்யிரையைப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு சுற்றியும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. பக்கத்தில் ஓடிய படகுக்காரர்கள் நான்கு மீன் பிடித்தார்கள். அதே ஏரி, அதே வேகம், ஏறக்குறைய அதே பொய்யிரை. வேறுபாடு இந்த வட்டு ஒன்றுதான். மகனின் பொய்யிரை நீர்மட்டத்தை ஒட்டி ஓடியது. மீனோ 20 மீட்டர் கீழே நின்றது.

மகனுக்கு வீணானது ஒரு விடுமுறை நாள். நம் விழிஞ்ஞத்திலோ பூந்துறையிலோ இயந்திரப் படகில் போகும் மீனவருக்கு இப்படி ஒரு நாள் கழிந்தால், எரித்த எண்ணெய்க்கான பணமும் போய், வீட்டில் அடுப்பெரிவதும் கேள்விக்குறியாகும். ஆகவே பொய்யிரையை வேண்டிய ஆழத்தில் நிறுத்துவது எப்படி என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஓர் இயற்பியல் பாடமும் ஆகும்.

மீன் ஏன் கீழே நிற்கிறது?

ஒன்ராறியோ, வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுள் ஒன்று. அதன் மிகுந்த ஆழம் 244 மீட்டர். கோடையில் வெயில் பட்ட மேல்நீர் 20 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். சூடான நீர் இலேசானது, மேலேயே நிற்கும். 4 பாகையில்தான் நீர் மிகக் கனமாக இருக்கும். அது அடியில் தங்கும். இரண்டுக்கும் இடையே சில மீட்டர் தடிமனில், வெப்பம் சட்டென்று குறையும் ஓர் அடுக்கு உண்டு.

சால்மன் குளிர்நீர் மீன். 10 முதல் 13 பாகை வரையுள்ள நீரே அதற்கு உகந்தது. ஆகவே கோடையில் அது அந்த அடுக்கை ஒட்டியே திரியும். காற்று திசை மாறி வீசினால் மேல்நீர் ஒதுங்கி, அந்த அடுக்கும் ஏறும் அல்லது இறங்கும். மீனும் கூடவே இடம் மாறும். நேற்று 20 மீட்டரில் நின்ற மீன் இன்று 10 மீட்டரில் நிற்கலாம்.

சால்மன் இந்த ஏரிகளுக்கு வந்த கதையும் சுவையானது. அட்லாண்டிக் கடலிலிருந்து வந்து பெருகிய ஏல்வைஃப் என்னும் சிறுமீனை அடக்கவும், தூண்டில் மீன்பிடிப்பை வளர்க்கவும் மிச்சிகன் மாநில அரசு 1966-இல் பசிபிக் கோஹோ சால்மன் குஞ்சுகளை மிச்சிகன் ஏரியைச் சேர்ந்த ஆறுகளில் விட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்ராறியோ ஏரியிலும் சால்மன் விடப்பட்டது. மீன் ஆழத்தில் நின்றதால், ஆழத்துக்குப் பொய்யிரையை இறக்கும் கருவிகளும் பெருகின.

ஈயக்குண்டு மட்டும் போதாதா?

கனமான ஈயத்தைக் கட்டினால் தூண்டில் தானே கீழே போகாதா என்று கேட்கத் தோன்றும். நின்ற படகில் போகும். ஓடும் படகில்தான் சிக்கல்.

ஓடும் படகின் பின்னால் நரம்பில் கட்டிய குண்டின் மீது இரண்டு விசைகள் செயல்படுகின்றன. ஒன்று, கீழே இழுக்கும் எடை. இது மாறுவதில்லை. மற்றொன்று, பின்னால் தள்ளும் நீரின் தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். அதாவது வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக நரம்பின் மீதுள்ள தடையை விட்டுவிடுவோம். 40 மீட்டர் நரம்பு விட்டிருக்கிறோம். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் எடையும் தடையும் சமம் என்று கொள்வோம். அப்போது நரம்பு 45 பாகை சாய்வில் இறங்கும்; ஆழம் சுமார் 28 மீட்டர். வேகத்தை 6 கிலோமீட்டர் ஆக்கினால் தடை எடையைப் போல் நான்கு மடங்காகும். சாய்வு 14 பாகையாகக் குறையும். ஆழம் 10 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். படகோட்டி விசையைச் சற்று முடுக்கியதற்கே 18 மீட்டர் பறிபோய்விட்டது!

இதற்கு மாற்றாக நான்கைந்து கிலோ ஈயக்குண்டைத் தனிக் கம்பியில் இறக்கி, அதில் தூண்டில் நரம்பைக் கவ்வவைக்கும் டவுன்ரிக்கர் என்ற பொறி உண்டு. ஆழம் துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் விலை அதிகம். படகில் நிலையாகப் பொருத்தவும் வேண்டும்.

கவிழ்த்த பட்டம்

இனி அந்த வட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் டைவிங் பிளேனர் என்பர். நாம் மூழ்கு தட்டு எனலாம். டிப்சி டைவர் என்பது அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று.

பட்டம் விடாத பிள்ளை உண்டா? பட்டத்தின் முகம் சற்றே சாய்ந்திருக்கும்படி சூத்திரக் கயிறு கட்டுகிறோம். காற்று அதன் அடிப்பக்கத்தில் மோதி மேலே தள்ளுகிறது. மூழ்கு தட்டும் ஒரு பட்டம்தான். ஆனால் கவிழ்த்துக் கட்டிய பட்டம். அதன் முன்விளிம்பு தாழ்ந்தும் பின்விளிம்பு உயர்ந்தும் நிற்குமாறு நரம்பு பூட்டப்படுகிறது. படகு இழுக்கும்போது நீர் அதன் மேற்பக்கத்தில் மோதிக் கீழே தள்ளுகிறது. தட்டு நீருக்குள் கீழ்நோக்கிப் பறக்கிறது.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? தட்டைக் கீழே அழுத்தும் விசையும் நீரிலிருந்தே வருகிறது. பின்னால் இழுக்கும் தடையும் நீரிலிருந்தே வருகிறது. வேகம் இரட்டித்தால் இரண்டும் நான்கு மடங்காகும், விகிதம் மாறாது. முன்போல் 40 மீட்டர் நரம்பு விட்டு, கீழ்விசை தடையில் பாதி என்று கொண்டால் ஆழம் சுமார் 18 மீட்டர். வேகம் 3 கிலோமீட்டரானாலும் 6 ஆனாலும் ஏறக்குறைய அதே 18 மீட்டர்தான். ஈயக்குண்டு கனத்தை நம்புகிறது. தட்டோ சாய்வை நம்புகிறது. தட்டில் கனம் மிகக் குறைவு. ஈயக்குண்டை மேலே தூக்கிவிட்ட அதே நீரோட்டம் இதைக் கீழே அழுத்துகிறது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. படகு மிக மெதுவாக ஓடினால் தட்டு முக்காது. அளவுக்கு மீறி ஓடினால் அதன் கவ்வி தானே விடுபட்டுவிடும். சால்மனுக்கு மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகம் வழக்கமானது.

மீன் கொத்தினால் என்ன ஆகும்?

அந்த வட்டை வாங்கிக்கொண்டு ஒரு மாலை விழிஞ்ஞம் துறைக்குப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கொடுத்து விளக்கினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், நான் எண்ணியே பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்: "சாரே, மீன் கொத்திச்சின்னா இந்தத் தட்டையும் சேத்தா வலிக்கணும்? கை அறுந்து போகுமே!"

அனுபவம் பேசிற்று. கீழே பாயும் தட்டை எதிர்த்து இழுப்பது கடினமே. இதற்கென்று தட்டில் ஒரு சிறு கவ்வி வைத்திருக்கிறார்கள். நரம்பு அந்தக் கவ்வியில் மாட்டியிருக்கும் வரை தட்டு சாய்ந்து நிற்கும். மீன் வெடுக்கென்று இழுத்ததும் கவ்வி விடுபடும். தட்டு நரம்பின் போக்கிலேயே தட்டையாகப் படுத்துவிடும். தடை பெரிதும் குறைந்து எளிதில் மேலே வரும். மீன் கடிக்காமலே தூண்டிலை எடுக்க வேண்டுமானால் கோலைப் பலமாக ஒருமுறை சுண்டினால் போதும். கவ்வியின் இறுக்கத்தை ஒரு திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம். இறுக்கம் மிகுந்தால் சிறுமீன் மாட்டியதே தெரியாது. குறைந்தால் அலை அடித்தாலே விடுபடும்.

இதைச் சொன்னதும் அவர், "அப்போ கொள்ளாம்" என்று சிரித்தார்.

ஆழத்தைக் கணக்கிடுவது

ஆழத்தை மாற்றுபவை நான்கு.

முதலாவது, விடும் நரம்பின் நீளம். பொதுவாக ஆழம் நீளத்தில் பாதி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். 60 மீட்டர் விட்டால் 20 முதல் 30 மீட்டர் எனலாம். நீளம் கூடக் கூட நரம்பின் தடையும் கூடுவதால் இந்தப் பங்கு குறைந்துகொண்டே போகும்.

இரண்டாவது, நரம்பின் தடிமன். மெல்லிய நரம்பு நீரை எளிதில் அறுத்துக்கொண்டு ஆழம் போகும். பின்னல் நூல் மெல்லியது, நீளாதது. ஆகவே கவ்வியை விடுவிப்பதும் எளிது. ஆனால் நீளாத நூலில் மீனின் அதிர்ச்சி நேரே தாக்கும் என்பதால் இடையில் ஒரு ரப்பர் துண்டு சேர்ப்பார்கள்.

மூன்றாவது, தட்டின் அளவு. பெரிய தட்டு ஆழம் போகும். இழுப்பும் பலமாக இருக்கும்.

நான்காவது, திசை அமைப்பு. டிப்சி டைவரின் அடியில் 0 முதல் 3-க்கு மேல் வரை இருபுறமும் எண்கள் உண்டு. 0-இல் வைத்தால் நேரே கீழே போகும்; அதுவே மிகுந்த ஆழம் தரும். எண் கூடக் கூட இடமாகவோ வலமாகவோ விலகி ஓடும். விலகும் அளவுக்கு ஆழம் குறையும். இதனால் ஒரே படகில் பல தூண்டில்களைச் சிக்கலின்றி இழுக்க முடிகிறது.

தட்டுக்குப் பின்னால் பொய்யிரை வரை உள்ள நரம்பு கோலின் நீளத்தைத் தாண்டக் கூடாது. தட்டு கோலின் நுனி வளையத்தில் நின்றுவிடும்; பின்நரம்பு அதிகமாக இருந்தால் மீனைப் படகருகே கொண்டுவர இயலாது.

எந்த அட்டவணையையும் நம்புவதைவிடச் சோதித்து அறிவது மேல். ஆழம் தெரிந்த, பாறையற்ற மணல் தரைமேல் படகை ஓட்டி, நரம்பைச் சிறிது சிறிதாக விட வேண்டும். தட்டு தரையைத் தொடுவது கோலில் தெரியும். அப்போது எவ்வளவு நரம்பு போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டால் அதுவே உங்கள் அட்டவணை.

நம் கடலும் நம் கணக்கும்

நம் வெள்ளாயணிக் காயல் ஆழம் குறைந்தது. அங்கே இந்தத் தட்டுக்கு வேலையில்லை. ஆனால் விழிஞ்ஞம் கடல் அப்படியன்று. கரைக்கு மிக அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம் உண்டு. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகம் இங்கே அமைந்ததற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். தூண்டில் தொழிலுக்குப் பெயர் பெற்ற கரை இது. நெய்மீன், சூரை, கலவா, கணவாய் எனப் பலவும் தூண்டிலில் வருகின்றன.

கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்கின்றனர் மீனவர். கரையில் உள்ள மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து அந்தப் பாரைக் கண்டுபிடிக்கும் முறைக்குக் 'கணிச்சம்' என்று பெயர். கணிச்சம் இடத்தைச் சொல்லும். ஆழத்தைச் சொல்வது இரு கைகளையும் விரித்து அளக்கும் 'பாகம்'. ஒரு பாகம் 6 அடி. 10 பாகம் சுமார் 18 மீட்டர். டொராண்டோப் படகில் நரம்பின் நீளத்தைக் கருவி எண்ணுகிறது. இங்கே கை எண்ணுகிறது.

இங்கும் நீரின் அடுக்குகள் நிலையாக நிற்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின்போது, பிராணவாயு குறைந்த குளிர்நீர் ஆழத்திலிருந்து மேலேறிக் கரையை நெருங்குகிறது. மீன்களும் அதற்கேற்ப இடம் மாறுகின்றன. போன மாதம் மீன் கிடைத்த ஆழம் இந்த மாதம் வெறுமையாக இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மூழ்கு தட்டு ஏரிக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிய மீனவர்கள் மரத்தாலேயே மூழ்கு பலகை செய்து கடலில் இழுக்கின்றனர். மீன் கடித்ததும் பலகை நிலைமாறி நீர்மட்டத்துக்கு எழுந்து வந்து சேதி சொல்லும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பர்னி வகுத்த பாரவேன் என்னும் கருவி, கப்பலிலிருந்து பக்கவாட்டில் விலகி நீருக்குள் ஓடி, கண்ணிவெடிகளின் கட்டுக்கம்பியை அறுத்தது. கொல்லம் பக்கத்து இழுவைப் படகுகளில் வலையின் வாயை அகல விரிக்கும் இரட்டைப் பலகைகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் அவை கடலடியை உரசிச் செல்கின்றன. வலை அகப்பட்டதையெல்லாம் வாரும். ஆழமறிந்து விட்ட தூண்டிலோ வேண்டிய மீனை மட்டும் நாடுகிறது. குஞ்சுகளையும் கடலடியையும் விட்டுவைக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

பிள்ளைகளே, பெரிய தொட்டியில் நீர் நிரப்புங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். தட்டையான பிளாஸ்டிக் மூடி ஒன்றை நீருக்குள் கிடையாகப் பிடித்து முன்னால் இழுங்கள். கை நேரே போகும். இப்போது முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி இழுங்கள். கை கீழே இழுக்கப்படும். விரைவாக இழுத்தால் இன்னும் பலமாக அழுத்தும். பின்பு ஒரு சிறு கல்லை நூலில் கட்டி, முதலில் மெல்லவும் பிறகு விரைவாகவும் இழுத்து, நூலின் சாய்வு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஈயக்குண்டுக்கும் மூழ்கு தட்டுக்கும் உள்ள வேறுபாடு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

கனடாவில் பிள்ளைகளைக் காணச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு சொல். அங்கே ஏரியில் தூண்டில் போடுவதற்கு உரிம விதிகள் உண்டு. முதலில் அவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். எந்த ஏரியின் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று ஒன்ராறியோ மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் தனி அளவு உண்டு. பார்த்துவிட்டுச் சமையுங்கள்.

நம் அன்பரின் மகன் அடுத்த விடுமுறையில் மீண்டும் போனாராம். அன்று காற்று மாறியிருந்தது. முதலில் 30 மீட்டர் நரம்பு, பிறகு 40, பிறகு 50 என்று சோதித்துக்கொண்டே போய், உச்சிவேளையில் ஒரு மீன் பிடித்தார். ஒன்றுதான், ஆனால் அது எந்த ஆழத்தில் கடித்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.