ஒடியற் கூழ்: கசப்பு எடுக்கும் முறை

பனையும் கடலும் தோட்டமும் அருகருகே உள்ள இடம் தொண்டைமானாறு. நீரேரி கடலோடு சேரும் அங்கே இறால், நண்டு, சிறுமீன் கிடைக்கும். அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மரக்கறி வரும். பனை எங்கும் நிற்கும். இம்மூன்றும் ஒரே பானையில் சேர்வதே ஒடியற் கூழ்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், வலிகாமம் வடக்கிலும் அயற்கிராமங்களிலும் இருந்து தோட்டங்களை விட்டுப் புறப்பட்டவர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகள் முகாம்களிலும் பிறர் காணிகளிலும் வளர்ந்தார்கள். அவர்களுக்குக் கூழின் சுவை தெரியும். மாவின் கசப்பை எடுக்கும் முறை பலருக்குத் தெரியாது. சொந்தத் தோட்டம் இல்லாவிட்டாலும், பனை நிற்கும் இடத்தில் இவ்வுணவைச் செய்யலாம். ஆகவே இம்முறையை இங்கு படிப்போம்.

1. ஒடியல் எது?
ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் விதைகளைப் பாத்தியில் அடுக்கினால், சில மாதங்களில் கிழங்கு விளையும். பச்சைக் கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மாவே வேண்டும்.

2. கசப்பு ஏன் போக வேண்டும்?
ஒடியல் மாவைத் தொடர்ந்து ஊட்டிய ஆய்வுகூட எலிகளின் ஈரல் பாதிக்கப்பட்டதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் முன்னோர் மாவை ஊறவைத்து நீரை ஊற்றியது வெறும் சுவைக்காக மட்டுமல்ல என்று நாம் கொள்ளலாம். மாவை நிறைய நீரில் கரைத்து, ஒரு மணித்தியாலமேனும் அடைய விடுங்கள். மேல் நீரை ஊற்றிவிட்டுப் புதுநீர் விடுங்கள். இப்படி மூன்று முறை செய்யுங்கள். அந்த நீரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

3. சமைக்கும் முறை
அரிசி ஒரு பிடி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை முதலில் அவியவிடுங்கள். அரைவாசி வெந்ததும் நண்டு, மீன், இறால் போடுங்கள். பின்பு முருங்கையிலை அல்லது கீரை. அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளிக் கரைசல், உப்பு ஆகியவற்றை ஊறிய மாவோடு கலந்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவுங்கள். தடித்த பின்னும் நன்றாகக் கொதிக்க வேண்டும், அரைவேக்காடு கூடாது.

4. பயன்
மாவு வலுத் தரும். மீனும் நண்டும் புரதம் தரும். கீரை இரும்புச் சத்துத் தரும். விலை உயர்ந்த மீன் வேண்டியதில்லை. மீன்தலையும் சிறுமீனும் போதும். எனினும் நாள்தோறும் ஒடியலையே உண்ணாமல், சோறு, குரக்கன், பயறு என மாற்றி உண்பது நல்லது.

செய்து பார்ப்போம்
- உங்கள் இருப்பிடத்தைச் சுற்றி எத்தனை பனைகள் காய்க்கின்றன? விழும் விதைகளை யார் பொறுக்குகிறார்கள்?
- இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பாத்தி போட இடம் கிடைக்குமா?
- முறை தெரிந்த ஒரு பாட்டியை அழைத்து, பிள்ளைகளின் கையாலேயே மாவை ஊறவைக்கச் செய்யுங்கள். பார்த்ததை மறக்கலாம், செய்ததை மறப்பது அரிது.