கத்தரிக்கோலை எடுக்குமுன்

அன்புள்ள தங்கைக்கு,

மேடை நடனத்துக்கு உடை தைக்கும் தொழிலில் இப்போதுதான் கால் வைக்கிறாய். பாலே ஆடுபவர்கள் அணியும் டூட்டூவைத் தைத்துப் பழக வேண்டும் என்பது உன் ஆசை. நெட் துணியை அடுக்கிச் சுருக்குப் பிடித்து, மேலே கல் பதித்துவிட்டால் டூட்டூ ஆகிவிடும் என்று படங்களைப் பார்த்தால் தோன்றும். அந்த உடை கடந்துவந்த பாதையைப் பார்த்தால் வேறொன்று தெரியும். அதன் நீளமும் விரிவும் விறைப்பும் ஆடுகிறவளின் அசைவுக்கு ஏற்ப மாறி வந்திருக்கின்றன. அசைவைக் கவனித்தவர்கள் தைத்த உடை நிலைத்தது. ஆகவே துணியைப் படிப்பதற்கு முன்பு ஆட்டத்தைப் படி என்று உன்னிடம் சொல்ல விரும்புகிறேன். அதற்கான சான்றுகளையும் உன் முன் வைக்கிறேன்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் ஒபேராவின் நடனக்காரிகள் அரசவைப் பெண்களைப் போலவே தரை தொடும் கனத்த பாவாடையில் ஆடினார்கள். துள்ளிய நிலையில் இரு கால்களையும் மாற்றி மாற்றித் தட்டுவதில் மரீ கமார்கோ வல்லவர். பாவாடை மறைத்தால் அந்த வித்தையால் யாருக்கு என்ன பயன்? 1730 வாக்கில் நிக்கோலா லாங்க்ரே வரைந்த ஓவியத்தில் அவருடைய பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. நூறு ஆண்டுகள் கழித்து, 1832 மார்ச் 12 அன்று, 'லா சில்ஃபீத்' என்ற பாலே அரங்கேறியது. கால்விரல் நுனியில் நின்று ஆடிய மரீ தாக்லியோனி அதில் காற்றில் மிதக்கும் தேவதையாக வந்தார். இறுக்கமான மேற்கச்சும் கெண்டைக்கால்வரை மணிபோல விரியும் வெள்ளைப் பாவாடையும் கொண்ட அந்த உடையை வடிவமைத்தவர் ஓவியர் எழேன் லாமி என்பார்கள். கணக்கு எவ்வளவு துல்லியமாக இருக்கிறது பார். நுனிவிரலில் நிற்கும் பாதம் முழுதாகத் தெரிகிறது, உழைக்கும் முழங்கால் மறைந்துவிடுகிறது. துள்ளி இறங்கும்போது உடல் முதலில் தரைக்கு வர, மெல்லிய துணி சற்றுத் தாமதித்து அமர்கிறது. அந்தத் தாமதத்தால்தான் அவள் இன்னும் மேலேயே இருப்பதுபோல் நம் கண்ணுக்குப் படுகிறது. 1822 முதல் ஒபேராவில் எரிந்த எரிவாயு விளக்கின் ஒளியும் வெள்ளைத் துணிக்குப் பொருந்தி வந்தது.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய நடனக்காரிகள் பல சுற்றுச் சுழற்சிகளையும் காலை உயர்த்தி நிறுத்தும் நிலைகளையும் கொண்டுவந்தார்கள். 1885இல் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்த விர்ஜினியா சுக்கி, தன் பாவாடையைக் குட்டையாக்கியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததாகச் சொல்வார்கள். பியரினா லென்யானி ஒற்றைக் காலில் 32 சுற்றுச் சுழன்றபோது இன்னொரு காலின் வீச்சு முழுவதும் தெரியவேண்டியிருந்தது. இடுப்பைச் சுற்றித் தட்டையாக நிற்கும் குட்டை டூட்டூ இந்தத் தேவையிலிருந்து வளர்ந்தது. அது இரக்கமற்ற உடையும்கூட. இடுப்பெலும்பு சிறிது சாய்ந்தாலும் விளிம்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நீ மறுக்கலாம். பாவாடை குட்டையானதற்குக் காரணம் ஆண்களின் பார்வைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1831இல் ஒபேராவின் இயக்குநராக வந்த லூயி வெரோன், நடனக்காரிகள் உடற்பயிற்சி செய்யும் கூடத்தைப் பணக்காரச் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டார். ஏழை வீட்டுச் சிறுமிகள் அங்கே பட்ட பாட்டை மறைத்து எழுதப்படும் எந்த பாலே வரலாற்றையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் உடையின் வெட்டை அந்தப் பார்வைதான் முடிவுசெய்தது என்றால், மிகக் குட்டையான டூட்டூ பாரிஸில்தான் முதலில் வேரூன்றியிருக்க வேண்டும். 1870களிலும் 80களிலும் எட்கார் தேகா வரைந்த பாரிஸ் நடனக்காரிகளைப் பார். மேடையோரம் கறுப்புக் கோட்டுக்காரர்கள் நிற்கிறார்கள், பாவாடையோ இன்னும் முழங்காலை ஒட்டியே இருக்கிறது. கடினமான புதிய அசைவுகள் முதலில் வளர்ந்த இத்தாலிய, ரஷ்ய மேடைகளே அதை மேலே ஏற்றின.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இந்த உடை பெண்களை எரித்துக் கொன்றிருக்கிறது. கஞ்சி போட்ட மெல்லிய பருத்தித் துணிக்குப் பக்கத்திலேயே மறைப்பில்லாத தீச்சுடர். 1844இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் இப்படித்தான் தீப்பிடித்து இறந்தார். பிரான்சில் 1859இல் மேடைத் துணிகளைத் தீப்பிடிக்காத கரைசலில் நனைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. நனைத்தால் துணி விறைத்து, வெண்மை மங்கியது. தாக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி அதை உடுத்த மறுத்தார். 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையில் அவருடைய பாவாடை விளக்கில் பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு இருபதாவது வயதில் இறந்தார். வீண் அழகுக்கு ஆசைப்பட்டு உயிரைவிட்டாள் என்று அந்தப் பெண்ணின் மேல் பழி போடுவது எளிது, நியாயம் ஆகாது. மிதப்பதுபோல் ஆடுவது அவருடைய தொழில். விறைத்த துணியில் அது நடக்காது என்பதை அவரைவிட யார் அறிவார்? தீயும் தாங்கி அசைவுக்கும் ஒத்துழைக்கும் துணியைத் தரவேண்டிய பொறுப்பு தைப்பவர்களுக்கும் அரங்கத்துக்கும் இருந்தது. உயிரா ஆட்டமா என்று தேர்ந்தெடுக்கும் சுமையை அந்த இளம்பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டார்கள். ஆடுகிறவள் ஒரு துணியை மறுத்தால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள். அடம் என்று ஒதுக்கிவிடாதே.

20ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது டூட்டூவே வேண்டாம் என்ற குரல் எழுந்தது. இசடோரா டங்கன் தளர்ந்த கிரேக்கப் பாணி உடையில் ஆடினார். எகிப்து இளவரசியும் டூட்டூவில் வருவதா என்ற எரிச்சல் நடன அமைப்பாளர் மிஹயீல் ஃபோகினுக்கு இருந்தது. அது சரியான எரிச்சல். ஆனால் அவரே ஷோப்பேன் இசைக்கு அமைத்த நடனத்தில் தாக்லியோனியின் நீண்ட வெள்ளைப் பாவாடையை மீட்டார். அன்னா பாவ்லோவாவுக்காக அமைத்த சாகும் அன்னத்தை இறகு வைத்த டூட்டூவில் ஆடவிட்டார். பின்னர் வந்த நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின், 1946இல் கனத்த அலங்கார உடையோடு அரங்கேறிய 'நான்கு குணங்கள்' நடனத்தை 1951இல் வெறும் பயிற்சி உடைக்கு மாற்றினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய 'சிம்பனி இன் சி' நடனத்துக்கு பார்பரா கரின்ஸ்கா புதிய டூட்டூ தைத்திருந்தார். கம்பி வளையம் வைத்த பாவாடைகள் கூட்டமாக ஆடும்போது ஒன்றையொன்று முட்டி ஆடிப்போகும். அவர் வளையத்தையே எடுத்துவிட்டு, ஆறேழு அடுக்கு நெட்டைக் குட்டையாக வெட்டித் தளர்வாகப் பிணைத்தார். மேற்கச்சின் பக்கத் துண்டுகளைக் கிராஸாக வெட்டி, மூச்சு விடும்போது துணி விரிந்துகொடுக்கும்படி செய்தார். மேடை உடை தைப்பவர்களில் அவரையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

நம் ஊரிலும் இதற்கொரு சாட்சி உண்டு. பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்ற ருக்மிணி தேவி, பின்பு பரதநாட்டிய உடையைத் திருத்தியமைத்தார். அரைமண்டியில் உட்காரும்போது விரியும் விசிறி மடிப்பைப் பார்த்திருப்பாய். கால்கள் விரிந்தால்தான் அந்த மடிப்புக்கும் வேலை.

உனக்கு முதல் டூட்டூ வேலை வரும்போது அளவுநாடாவோடு மட்டும் போகாதே. ஒத்திகையில் உட்கார். எந்தச் சுழற்சியில் மூச்சு முட்டுகிறது, கூட ஆடுபவனின் கை இடுப்பில் எங்கே பிடிக்கிறது, தூக்கும்போது எந்த அடுக்கு அவன் முகத்தில் இடிக்கிறது என்பதைக் குறித்துக்கொள். ஒரே உடையை நாளை வேறொருத்தி அணிவாள். அதனால் ஜிப் வேண்டாம், இரண்டு மூன்று வரிசையாகக் கொக்கி வை. அரைகுறையாகப் பிணைத்த நிலையிலேயே அவளுக்கு அணிவித்து, நிற்கவைத்துப் பார்ப்பதோடு விடாமல் ஆடச் சொல். கல்லும் சரிகையும் அதற்குப் பிறகு வரட்டும்.

அன்புடன்,
உன் நலம் நாடும் ஒருவர்