மாதத்தைச் சொல்லுங்கள், மலையைச் சொல்கிறேன்

சாகசப் பயணம் என்று பேச்செடுத்தால் நம்மில் பலருக்கு முதலில் இடம்தான் மனதில் விழுகிறது. லடாக் போகணும், அந்தமான் போகணும் என்று முடிவாகிவிடும். லீவு எப்போது கிடைக்கும் என்பது அதற்கப்புறம்தான். இந்தியாவுக்குள் சுற்றப்போகிறீர்கள் என்றால் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ரிஷிகேஷில் போய் இறங்கினால் கங்கை கலங்கிப் புரண்டு ஓடும், ரப்பர் படகுகளெல்லாம் கரையேறிக் கிடக்கும். அதே ஆகஸ்டில் லடாக்கில் பெரும்பாலும் வெயில்தான். ஜனவரியில் குல்மர்கில் பனிச்சறுக்கு களைகட்டும்போது ஹம்பியில் அரைக்கைச் சட்டையோடு பாறை ஏறலாம். எந்த மாதம் கிளம்பினாலும் இந்த நாட்டில் ஏதோ ஒரு மூலை உங்களுக்காகத் திறந்திருக்கும். அது எந்த மூலை என்று தெரிந்தால் போதும்.

கோடை விடுமுறை: ஆறும் காற்றும்

ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளோடு கிளம்புபவர்களுக்கு ரிஷிகேஷ் நல்ல தொடக்கம். செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை அங்கே ராஃப்டிங் நடக்கும். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். எங்கே ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து தூரமும் வேகமும் மாறும். பிரம்மபுரியிலிருந்து வந்தால் சுமார் 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, கௌடியாலாவிலிருந்து 36. முதல்முறை போகிறவர்களுக்கு சிவபுரி தாராளம். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெயர் வைத்த சுழிப்புகள் அந்தப் பாதையிலேயே வந்துவிடும். கௌடியாலா பக்கத்தில் இருக்கிற 'தி வால்' வேறு ரகம். படகையே புரட்டிப் போடக்கூடியது. தண்ணீரில் பழக்கமில்லாதவர்கள் அந்த ஆசையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீச்சல் தெரியாவிட்டாலும் கீழ்ப்பகுதியில் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் தெரியாது என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உங்களை எங்கே உட்கார வைப்பது என்று அவர் பார்த்துக்கொள்வார். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து வேறு ஒருவர் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களை மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்க மட்டும் முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்வதுதான் ஆற்றில் பெரிய ஆபத்து. பனி உருகி வருகிற தண்ணீர் என்பதால் மே மாத வெயிலிலும் உடம்பு வெடவெடக்கும். டில்லிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிற சனி, ஞாயிறைத் தவிர்த்துவிட்டு செவ்வாய், புதனில் போனால் பாதி எரிச்சல் மிச்சம்.

பாராகிளைடிங் ஆசை இருந்தால் இமாச்சலத்தின் காங்ரா மாவட்டத்தில் இருக்கிற பீர். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற பில்லிங்கில் ஓடிக் குதித்து, கீழே திபெத்தியக் குடியிருப்பும் வயல்களும் இருக்கிற பீரில் வந்து இறங்க வேண்டும். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைச் சுற்று ஒன்று இங்கே நடந்தது. பின்னால் விமானி இருப்பார், நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை ஓடுவது. முக்கால்வாசிப் பேர் அதில்தான் சொதப்புகிறார்கள். இரண்டடி ஓடியதும் பறந்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கால் தரையில் படாமல் போகும்வரை ஓடிக்கொண்டே இருங்கள். விமானியின் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மாநில அரசே பறக்கத் தடை போட்டிருக்கிறது. அந்த நாட்களில் யாராவது 'நான் ஏற்பாடு செய்கிறேன்' என்றால் அவரை விட்டு விலகுங்கள். என்னைக் கேட்டால் கோடையைவிட அக்டோபரில்தான் பீர் அழகு. காற்று சீராக இருக்கும், பின்னாலிருக்கிற தௌலாதார் மலைத்தொடர் துடைத்துவைத்த மாதிரித் தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர்வரை: மழைக்கு அந்தப்புறம்

தென்மேற்குப் பருவமழை இமயமலையின் தெற்குச் சரிவில் மோதிக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. முகட்டைத் தாண்டியதும் மழை மறைவுப் பிரதேசம். லடாக்கும் ஸ்பிதியும் அங்கேதான் இருக்கின்றன. இதைக் கண்கூடாகப் பார்க்க ஆசைப்பட்டால் மணாலி பக்கத்திலிருந்து ஹம்ப்டா கணவாய்க்கு நடந்து போங்கள். உயரம் சுமார் 4,270 மீட்டர், நான்கைந்து நாள் நடை. ஏறுகிற பக்கம் குலூவின் பச்சை, இறங்குகிற பக்கம் லாஹுலின் மொட்டைப் பாறை. ஒரே நாளில் இரண்டும்.

மழை நனைத்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருந்தாலும் பூ பார்க்க ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டுக்குள் போக வேண்டும். உள்ளே தங்க அனுமதி கிடையாது. காங்கரியாவில் தங்கி, காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். மழைக்கால மலைச்சாலையில் நிலச்சரிவு சகஜம் என்பதால் திட்டத்தில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயில் டிக்கெட்டை மலையிறங்குகிற அன்றைக்கே போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. இன்னொரு விஷயம்: 'புக்யால்' என்று அங்கே சொல்கிற உச்சிப் புல்வெளிகளில் இரவு தங்குவதை உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-இல் தடைசெய்தது. பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்தப் புல்வெளிகள் வழியாகப் போகிற ரூப்குண்டு ஏரிக்குக் கூடாரத்தோடு கிளம்பிவிடாதீர்கள்.

லடாக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் கடல்மட்டத்து ஆட்கள். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். டில்லியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறக்கிவிடுவார்கள், உடம்புக்கோ விஷயம் தெரிய ஒரு நாளாகும். முதல் இரண்டு நாள் அறையிலேயே இருங்கள். குளிக்காவிட்டாலும் குற்றமில்லை. நிறையத் தண்ணீர், சூப், கஞ்சி என்று உள்ளே போகட்டும், மது வேண்டாம். பைக்கை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே கார்துங் லா கணவாய்க்கு விரட்டுகிற இளைஞர்களைப் பார்த்து நீங்களும் கிளம்பாதீர்கள். அவர்களில் எத்தனை பேர் மாலையில் ஆஸ்பத்திரி கட்டிலில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருக்கிறார்கள் என்பது சாலையில் தெரியாது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை எல்லாம் உயரம் ஒத்துக்கொள்ளாததன் முதல் அறிகுறிகள். இவை வந்தால் மேலே ஏறக்கூடாது, இருக்கிற இடத்திலேயே ஓய்வு. நடக்கும்போது கால் பின்னினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின் ஒவ்வொரு நாளும் தூங்குகிற உயரம் முந்தைய நாளைவிட 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வது பொது விதி. பகலில் ஏறி இறங்குவது வேறு கணக்கு. உயரம் ஒத்துக்கொள்ள உதவுகிற டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். நம் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குழுவுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று தலைவலியை மறைப்பார்கள். மலையில் அது நல்ல குணம் இல்லை.

கைபேசி விஷயமும் இங்கேயே. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஒன்று குழுவில் ஒருவரிடமாவது இருக்கட்டும்.

இதே மழை மாதங்களில் மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி கோட்டைகளும் பச்சைப்பசேல் என்று கூப்பிடும். அங்குள்ள உயர்ந்த சிகரமான கல்சுபாய் 1,646 மீட்டர், செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணி போட்டிருக்கிறார்கள். கொட்டும் மழையில் பாசி பிடித்த பாறையில் ஏறுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். செப்டம்பர் கடைசியில் போங்கள். பச்சை அப்படியே இருக்கும், பாதை காய்ந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது வடக்கே வானம் தெளிகிறது. தீபாவளி லீவோடு நாலு நாள் சேர்த்துக்கொள்ள முடிந்தால் சந்தக்பூ. 3,636 மீட்டரில் மேற்கு வங்கத்தின் உச்சி. நேபாள எல்லையை ஒட்டியே நடக்க வேண்டும். வானம் ஒத்துழைத்தால் கஞ்சன்ஜங்காவோடு தூரத்தில் எவரெஸ்ட், லோட்ஸே, மகாலு எல்லாம் வரிசை கட்டி நிற்கும். வழியெங்கும் வீடுகளிலும் விடுதிகளிலும் தங்கலாம் என்பதால் கூடாரம் சுமக்க வேண்டியதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் முதல் இமயமலை நடையாக இதைத் துணிந்து சொல்வேன்.

நவம்பர் பிறந்ததும் மேகாலயம். தைர்னாவிலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் படிகள் இறங்கினால் நோங்ரியாட்டில் ரப்பர் மரத்தின் வேர்களைப் பின்னி வளர்த்த இரண்டடுக்குப் பாலம். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போது முழங்கால் பேசும். ஒரு இரவு கீழேயே தங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

மார்கழி முதல் மாசிவரை

கடலுக்குள் போக இதுதான் காலம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜய புரம்) இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் விமானம், அங்கிருந்து படகில் ஸ்வராஜ் தீவு, பழைய பெயர் ஹேவ்லாக். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு ஆழ்கடலைக் காட்டிவிடுவார். ஆனால் நான்கு நாள் ஒதுக்க முடிந்தால் 'ஓப்பன் வாட்டர்' என்ற ஸ்கூபா முக்குளிப்புப் படிப்பை முடித்துவிடுங்கள். 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி தரும், முடித்ததும் தருகிற அட்டை உலகம் முழுக்கச் செல்லும். சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள், காது அடைத்து வலி உயிர் போகும். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரமாகும். கடல் கொந்தளித்தால் படகுகளும் ரத்தாகும். ஆகவே விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் திரும்பிவிடுங்கள், இரண்டு கவலையும் ஒன்றாகத் தீரும்.

பனியில் சறுக்க வேண்டுமென்றால் குல்மர்க், ஜனவரி பின்பாதியும் பிப்ரவரியும். கண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரை கொண்டுபோகும். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். கற்றுக்கொள்பவர்களுக்குக் கீழே இருக்கிற மென்மையான சரிவே போதும். மேலிருந்து சறுக்குவது பனிச்சரிவு ஆபத்து தெரிந்தவர்களுக்கு. பனியில் நடந்தால் போதும் என்பவர்களுக்கு உத்தராகண்டில் சங்க்ரியிலிருந்து கேதார்காந்தா இருக்கிறது, சுமார் 3,800 மீட்டர். கூட்டம் அதிகம், அதுவே புதியவர்களுக்கு ஒரு தைரியம். லடாக்கில் உறைந்த ஜான்ஸ்கார் ஆற்றின்மேல் நடக்கிற சாதர் பயணத்தின் படங்கள் கண்ணைப் பறிக்கும். இரவுக் குளிர் மைனஸ் 20-க்கும் கீழே போகும் என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை. அதை முதல் பயணமாக வைக்காதீர்கள்.

பொங்கல் லீவுக்கு ஹம்பி. துங்கபத்திரையைத் தாண்டி ஆனேகுந்தி, சானாபூர் பக்கம் கருங்கல் உருண்டைகள் மலை மலையாகக் குவிந்திருக்கின்றன. கயிறு இல்லாமல், கீழே மெத்தை போட்டு ஏறுகிற 'போல்டரிங்' அங்கே நடக்கிறது. மெத்தையும் ஷூவும் வாடகைக்குக் கிடைக்கும். வெயில் ஏறினால் பாறை கையைச் சுடும், ஆகவே விடிகாலையும் மாலையும்தான். பாறையிலிருந்து ஆற்றில் குதித்துக் காட்டுகிறவர்களோடு போட்டி போடாதீர்கள். நீரடிப் பாறையும் இழுப்பும் வெளியே தெரியாது, முதலைகளும் உண்டு.

நம் வீட்டு வாசலில்

மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கு சொல்லித்தருகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில்தான் நடந்தது. அலையைப் படிப்பதில் கடற்கரைப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. முதல் வகுப்பில் நிறைய விழுவீர்கள். மழைக்காலக் கொந்தளிப்பை விட்டுவிட்டு மற்ற மாதங்களில் போகலாம்.

2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்தார்கள். இன்று தமிழ்நாட்டுக் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏற முடியாது. 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அரசே திறந்துவிட்டது. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர்ப் பழங்குடி, கிராம இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். இமயமலைக்குப் போகுமுன் காலைப் பழக்க இவற்றில் ஒன்றிரண்டு உதவும். கிரிவலம் போய்ப் பழகியவர்கள் நடைக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அது சமதளம். இரண்டு மாதம் தினமும் மாடிப்படி ஏறி இறங்குங்கள், முதுகில் ஐந்து கிலோ சுமையோடு. ஷூவைப் பயணத்துக்கு முதல் நாள் வாங்காமல், இந்தப் பயிற்சியிலேயே போட்டு மிதித்துப் பழக்குங்கள். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் நனைந்தால் காயாது, அவை வீட்டிலேயே இருக்கட்டும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டுகளும் மலையேற்ற உயரமும் அதில் அடங்குமா என்று சிறிய எழுத்தைப் படியுங்கள், பல திட்டங்களில் அடங்காது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிற நம் உறவுகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, லடாக்கின் எல்லையோரப் பகுதிகளுக்கும் வடகிழக்கின் சில மாநிலங்களுக்கும் தனி அனுமதிச்சீட்டு வேண்டும், சிலவற்றுக்கு இந்தியர்களுக்கும் வேண்டும். இரண்டு, மற்ற நாட்டு மலைகளில் சாதாரணமாகப் பையில் போட்டுக்கொள்கிற செயற்கைக்கோள் தொலைபேசியையும் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியையும் இந்தியாவுக்குள் அனுமதியில்லாமல் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துவைத்துவிடுவார்கள். வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.