நைல் கரையிலிருந்து மாட்ரிட் வந்த கோயில்



பழைய எகிப்தியக் கோயிலைப் பார்க்க எகிப்துக்குத்தான் போகணுமா? வேண்டாம். ஸ்பெயின் நாட்டின் தலைநகர் மாட்ரிட்டில், கார், பஸ் ஓடும் நகரத்துக்கு நடுவில் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் தெபோத் கோயில். மேலே உள்ள படம் நான் வரைந்தது. மனதாலேயே அங்கே போய் வருவோம், வாங்க.

பூங்காவுக்குள் நுழைகிறோம். முன்பு ராணுவப் பாசறை இருந்த மேடு இது. எதிரே தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கல் வாசல்கள், அதற்குப் பின்னால் கோயில். நைல் கரையில் இருந்த மாதிரியே இங்கேயும் கிழக்கு மேற்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் வாசல்களை மட்டும் வரிசை மாற்றி வைத்துவிட்டார்களாம்! பழைய போட்டோவைப் பார்த்தால் தெரிகிறது.

யார் கட்டியது?

சுமார் 2,200 வருஷத்துக்கு முன்னால் மெரோயே நாட்டு அரசன் அதிகலமானி கட்டத் தொடங்கினான். ஆமூன், ஐசிஸ் என்ற தெய்வங்களுக்கான கோயில். பிறகு தாலமி அரசர்களும் ரோமானியப் பேரரசர்களும் வேலையைத் தொடர்ந்தார்கள். இருந்த இடம் அஸ்வானுக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரம். அந்தப் பகுதிக்கு நூபியா என்று பெயர்.

ஏன் இடம் மாறியது?

அஸ்வானில் 1902-லேயே ஓர் அணை கட்டி முடித்தார்கள். அதை உயர்த்திய பிறகு கோயில் வருஷத்தில் பல மாதம் தண்ணீருக்குள் நின்றது. சுவரில் இருந்த வண்ணம் எல்லாம் போய்விட்டது. 1960-இல் இன்னும் பெரிய அணை வேலை தொடங்கியது. வெள்ளத்தைத் தடுக்க, பாசனத்துக்கு, மின்சாரத்துக்கு அது தேவைப்பட்டது. ஆனால் பழைய கோயில்கள் மூழ்கிவிடுமே! யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. அபு சிம்பெல் கோயிலை அறுத்து எடுத்து சுமார் 65 மீட்டர் உயரத்தில் திரும்பக் கட்டினார்கள். தெபோத் கோயிலையும் கல் கல்லாகப் பிரித்தார்கள். உதவி செய்த ஸ்பெயினுக்கு எகிப்து 1968-இல் அதைப் பரிசாகக் கொடுத்தது. கற்கள் கப்பலில் வந்தன. 1972-இல் மாட்ரிட்டில் மக்கள் பார்க்கத் திறந்தார்கள்.

இந்தக் கட்டுரைக்கு முதலில் 'காப்பாற்றப்பட்ட கோயில்' என்றுதான் தலைப்பு வைத்தேன். படித்துப் பார்த்த என் தோழி, "கோயிலைக் காப்பாத்திட்டாங்க, சரி. அங்கே இருந்த ஜனங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். எகிப்தில் மட்டும் சுமார் 50,000 நூபிய மக்கள் வீடு, தோட்டம், பேரீச்சை மரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கோம் ஓம்போ பக்கம் போனார்கள். அவர்கள் ஊர்கள் இன்றும் ஏரிக்கு அடியில்தான் இருக்கின்றன. அதனால் தலைப்பை மாற்றிவிட்டேன்.

அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லைப் பிரித்து வேறு இடத்தில் அடுக்கலாம். பிறந்த ஊரை அப்படி அடுக்க முடியுமா? கோயிலுக்கு எடுத்துக்கொண்ட அக்கறை அந்த மக்களுக்கும் போதுமான அளவு கிடைத்ததா?

கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்கள் கருத்தைப் பென்சிலால் எழுதுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி